பழைய காருக்கு இரண்டாவது ரிமோட் சாவி: வாங்குவது, ப்ரோகிராம் செய்வது, தெரியாத சாவிகளை நீக்குவது

பழைய கார் பார்க்கப் போகும்போது டயரைத் தடவிப் பார்க்கிறோம், பானெட்டைத் திறந்து ஆயில் கசிவைத் தேடுகிறோம், தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்கிறோம். "சாவி எத்தனை?" என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் பணம் கைமாறிய பிறகுதான் நினைவுக்கு வருகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். நான் வாங்கிய 2014 மாடல் ஹேட்ச்பேக்குடன் ஒரே ஒரு சாவி வந்தது. இன்னொன்று வீட்டில் எங்கோ இருக்கிறது, ஒரு வாரத்தில் கொடுத்தனுப்புகிறேன் என்று விற்றவர் சொன்னார். அந்தச் சாவி இன்றுவரை வரவில்லை.

இரண்டாவது சாவியைச் செய்துகொள்ள அலைந்தபோது நான் புரிந்துகொண்ட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பழைய காருக்குச் சாவி செய்வது என்பது ஒரு வேலையல்ல, இரண்டு வேலை. புதிய சாவியைக் காருக்கு அறிமுகப்படுத்துவது முதல் வேலை. நம் கையில் இல்லாத, எவரிடம் இருக்கிறதென்றே தெரியாத பழைய சாவிகளைக் காரின் நினைவகத்திலிருந்து நீக்குவது இரண்டாவது வேலை. பெரும்பாலான கடைகளில் முதல் வேலையை மட்டும் முடித்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இரண்டாவதை நாம்தான் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

சாவிக்குள் இருக்கும் மூன்று பொருள்கள்

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பொருளாகத் தெரியும் ரிமோட் சாவிக்குள், ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று பொருள்கள் உள்ளன. முதலாவது, கதவின் பூட்டையும் இக்னிஷனையும் திருப்பும் உலோக பிளேடு. இரண்டாவது, எஞ்சினை ஸ்டார்ட் செய்ய அனுமதி பெற்றுத் தரும் சிப். மூன்றாவது, பட்டனை அழுத்தினால் கதவைத் திறந்து மூடும் ரிமோட்.

இவற்றுள் சிப் தான் பலருக்குப் புரியாதது. இக்னிஷன் துவாரத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பியவுடன் அந்தச் சுருள் ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸ் அலைவெண்ணில் ஒரு காந்தப்புலத்தை எழுப்புகிறது. அதிலிருந்தே மின்சக்தியை எடுத்துக்கொண்டு சிப் தன் அடையாளத்தைச் சொல்கிறது. அந்த அடையாளம் காரின் பதிவில் இருந்தால்தான், பதிவில்லாத சாவியால் எஞ்சின் ஓடாமல் தடுக்கும் இம்மொபிலைசர் என்ற ஏற்பாடு, எரிபொருளை அனுமதிக்கும்படி எஞ்சின் கணினிக்குச் சொல்லும். எனவே சிப்புக்குப் பேட்டரி தேவையில்லை. ரிமோட் பேட்டரி முற்றிலும் தீர்ந்துபோன சாவியாலும் காரை ஸ்டார்ட் செய்ய முடிவது இதனால்தான்.

ரிமோட்டுக்குப் பேட்டரி வேண்டும். இந்தியாவில் விற்கப்படும் பெரும்பாலான கார்களின் ரிமோட் 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இயங்குகிறது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் அது வேறு ஒரு குறியீட்டை அனுப்பும். இதை ரோலிங் கோட் என்கிறார்கள். காற்றில் செல்லும் சமிக்ஞையை ஒருவர் பதிவு செய்து மறுபடி ஒலிபரப்பினாலும் கதவு திறக்காமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு.

இந்தப் பிரிவினை புரிந்தால் கோளாறைக் கண்டுபிடிப்பது எளிது. பட்டன் வேலை செய்கிறது, ஸ்டார்ட்டர் சுழல்கிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை, டேஷ்போர்டில் சாவி வடிவ விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது என்றால் குறை சிப் பக்கம். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது, பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் குறை ரிமோட் பக்கம். இரண்டாவது வகையென்றால், வேறெதற்கும் செலவு செய்யும் முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அதில் அச்சிட்டிருக்கும் எண்ணையே கேட்டு வாங்க வேண்டும். சி.ஆர். 2032 என்றால் 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன், சி.ஆர். 2016 அதே விட்டம் உடையதுதான், ஆனால் தடிமன் 1.6 மி.மீ. மட்டுமே என்பதால் தகடுகளைத் தொடாமல் தளர்ந்து நிற்கும்.

சாவியின் கூட்டைத் திறக்கும்போது ஒரு கவனம் தேவை. பல ஃபிளிப் சாவிகளில் சிப், ரிமோட் பலகையோடு ஒட்டியிருப்பதில்லை. புளியங்கொட்டையில் பாதி அளவுள்ள ஒரு கறுப்புத் துண்டாக, பிளாஸ்டிக்கில் உள்ள சிறு குழியில் தனியே செருகப்பட்டிருக்கும். என் சாவியின் கூடு தேய்ந்துவிட்டதால் புதிய கூடு போட ஒரு கடையில் கொடுத்தேன். ரிமோட் பலகையையும் பிளேடையும் மாற்றிய கடைக்காரர், பழைய கூட்டைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டார். கதவு அழகாகத் திறந்தது, எஞ்சின் பிடிக்கவில்லை. இருவருமாகக் குப்பைக்கூடையைத் தரையில் கொட்டி, உலோகத் தூளுக்கும் அறுபட்ட பிளேடு துண்டுகளுக்கும் நடுவிலிருந்து அந்தப் பழைய கூட்டை எடுத்துப் பிரித்தோம். சிப் அதன் குழியிலேயே பத்திரமாக இருந்தது. என்னிடம் இருந்த ஒரே சிப் அது. அன்று கடையை மூடிய பிறகு இது தெரியவந்திருந்தால், காரை டோ செய்துதான் எடுத்துச் சென்றிருக்க வேண்டும்.

உங்கள் காரில் இருப்பது எந்த ஏற்பாடு

கார் எந்த நிறுவனத்துடையது என்பதைவிட, எந்த வேரியன்ட் என்பதே இங்கு முக்கியம். தொழிற்சாலையிலிருந்தே ரிமோட்டுடன் வந்த கார் ஒரு வகை. அடிப்படை வேரியன்டாக, ரிமோட் இல்லாமல் வந்து, பின்னர் ஆட்டோகாப், நிப்பான் போன்ற நிறுவனங்களின் சென்ட்ரல் லாக் பொருத்தப்பட்ட கார் இன்னொரு வகை. சாவியைச் செருகாமல் பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் ஸ்மார்ட் சாவி மூன்றாவது வகை.

இரண்டாவது வகையைக் கண்டறிவது எளிது: காரின் சாவி ஒன்றும், வேறு நிறுவனத்தின் பெயர் போட்ட ரிமோட் ஒன்றும் ஒரே வளையத்தில் தொங்கும். இந்த ரிமோட்டுக்கும் காரின் கணினிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. டேஷ்போர்டுக்கு அடியில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் சிறு பெட்டிதான் அதன் மூளை. அதே நிறுவனத்தின், அதே மாடலுக்குரிய ரிமோட்டை வாங்கி, அந்தப் பெட்டியின் கையேட்டில் சொன்னபடி பழக்கிக்கொள்ளலாம். ஆனால் அடிப்படை வேரியன்ட் என்பதால் சிப்பும் இருக்காது என்று நினைத்துவிடக் கூடாது. மாருதி ஐகேட்ஸ் என்ற பெயரில் இம்மொபிலைசரை ரிமோட் இல்லாத வேரியன்ட்களிலும் கொடுத்திருக்கிறது. சந்தேகமிருந்தால், கையில் உள்ள சாவியின் தலைப்பகுதியை அலுமினியத் தாளால் இரண்டு மூன்று சுற்று இறுகச் சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். எஞ்சின் பிடிக்காமல் போய், தாளை நீக்கியதும் பிடித்தால் உள்ளே சிப் இருக்கிறது. தெருமுனையில் வெட்டித் தரும் வெறும் இரும்புச் சாவி இந்தக் காருக்குக் கதவைத் திறக்க மட்டுமே உதவும்.

விற்றவரிடம் கேட்டு வாங்க வேண்டியவை

இரண்டாவது சாவியை மட்டும் கேட்டால் போதாது. புதிய கார் வாங்கும்போது சாவிக்கொத்தோடு, எண் பொறித்த ஒரு சிறு தகடு வரும். பலர் அதை விலைச்சீட்டு என்று நினைத்து எறிந்துவிடுவார்கள். பிளேடை எந்த ஆழத்தில் வெட்ட வேண்டும் என்பதற்கான குறிப்பு எண் அதுதான். மூலச் சாவியே இல்லாவிட்டாலும் அந்த எண்ணைக் கொண்டு பிளேடை வெட்டிவிடலாம். சாவியைப் பதிவு செய்யும்போது கேட்கப்படும் பாதுகாப்புப் பின் (PIN) எண் எழுதிய அட்டை சில கார்களுடன் வந்திருக்கும். சர்வீஸ் புத்தகத்தின் உறையில் தேடச் சொல்லுங்கள். வெளியில் பொருத்திய சென்ட்ரல் லாக் என்றால் அதன் கையேடும் வேண்டும்.

கார் கடனில் இருந்திருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு. பழைய கார்களுக்குக் கடன் கொடுக்கும் சில நிதி நிறுவனங்கள் ஸ்பேர் சாவியைத் தங்களிடம் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். கடன் அடைந்த பிறகு தடையில்லாச் சான்றிதழை வாங்கியவர், சாவியைத் திரும்பக் கேட்க மறந்திருக்கலாம். முழுத் தொகையையும் கொடுத்துவிட்ட பிறகு இவற்றைக் கேட்டால் பதில் தாமதமாகவே வரும். எனவே சாவி கைக்கு வரும்வரை ஒரு தொகையை நிறுத்திவைப்பதாக முன்கூட்டியே பேசி, அதை விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிக்கொள்வதே சரி என்பது என் கருத்து.

ஆவணங்கள்

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சாவி கேட்டால் ஆர்.சி.யையும் உங்கள் அடையாள அட்டையையும் கேட்பார்கள். படிவம் 29, படிவம் 30 கையெழுத்தாகியும் பெயர் மாற்றம் முடியவில்லை என்றால், ஆர்.சி.யில் இன்னும் பழைய உரிமையாளரின் பெயரே இருக்கும். அந்த நிலையில் அவருடைய கடிதம் இல்லாமல் சாவி ஆர்டர் எடுக்கத் தயங்குவார்கள். இந்தத் தயக்கம் நம் காரையும் பாதுகாக்கிறது என்பதால் கோபப்பட ஒன்றுமில்லை. பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிடுங்கள்.

சாவி தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அது பெறப்பட்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு கார் தவறாகப் பயன்படுத்தப்பட்டாலோ திருடப்பட்டாலோ அந்த ரசீது உங்களுக்குத் துணை நிற்கும். எங்கு ஆர்.சி. நகல் கொடுத்தாலும், "மாற்றுச் சாவி செய்வதற்காக மட்டும்" என்று நகலின் குறுக்கே எழுதித் தேதியிட்டுக் கொடுங்கள்.

சர்வீஸ் சென்டரா, சாவிக்காரரா

சர்வீஸ் சென்டரில் நிறுவனத்தின் அசல் சாவி கிடைக்கும், பில் கிடைக்கும், பின் எண்ணை அவர்களே நிறுவனத்திடமிருந்து பெற்றுவிடுவார்கள். ஆனால் ஆர்டர் செய்து காத்திருக்க வேண்டும், விலையும் கூடுதல். கார் சாவிகளுக்கென்றே கருவி வைத்திருக்கும் சாவிக்காரர் பெரும்பாலும் அன்றே முடித்துவிடுவார், கார் நிற்கும் இடத்துக்கே வருவார். ஜெர்மன் சொகுசுக் கார்களுக்குச் சர்வீஸ் சென்டரையே நம்புவது நல்லது; அவற்றின் சாவிகள் சேசிஸ் எண்ணின் அடிப்படையில் நிறுவனத்திடமிருந்தே வரவழைக்கப்படுகின்றன. சாதாரண ஹேட்ச்பேக், செடான் கார்களுக்கு, பழகிய சாவிக்காரரிடம் போவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் உரிமையாளர் யார் என்று ஒரு கேள்வியும் கேட்காமல் சாவி செய்து கொடுக்க முன்வருபவரிடம் போகாதீர்கள். உங்களிடம் கேட்காதவர், நாளை உங்கள் காரின் அருகில் நின்று அழைக்கும் வேறொருவரிடமும் கேட்க மாட்டார்.

எங்கு போனாலும் மொத்தத் தொகையை மட்டும் கேட்காமல், சாவியின் விலை, பிளேடு வெட்டும் கூலி, சிப் பதிவு, ரிமோட் பதிவு, பழைய சாவிகளை நீக்கும் வேலை, ஜி.எஸ்.டி. ஆகியவற்றைத் தனித்தனியே கேளுங்கள். குறைந்த விலை சொல்பவர் எந்த வேலையை விட்டுவிட்டார் என்பது அப்போது தெரிந்துவிடும்.

சாவியை வாங்கும்போது

இணையத்தில் பார்த்து நாமே வாங்கும் சாவிகளில் மூன்று வகையில் ஏமாற்றம் நேர்கிறது. முதலாவது, வெறும் கூடு. படத்தில் முழுச் சாவி போலத் தெரியும்; உள்ளே பலகையும் இருக்காது, சிப்பும் இருக்காது. இரண்டாவது, அலைவெண். அமெரிக்கச் சந்தைக்கான பல ரிமோட்டுகள் 315 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. தோற்றம் அச்சாக ஒன்றாகவே இருந்தாலும் நம் கார் அதைக் கேட்காது. மூன்றாவது, வேறொரு காரில் பயன்பட்ட சாவி. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் கிடைக்கும் சாவிகள் மலிவானவைதான். ஆனால் ஒரு காரில் பதிவான சிப், பல நிறுவனங்களில் அந்தக் காரோடு பூட்டப்பட்டுவிடும். ஸ்மார்ட் சாவிகளில் இது இன்னும் கடுமை. அவற்றை வெறுமையாக்கும் கருவிகள் உள்ளன என்றாலும் எல்லா மாடலுக்கும் அது நடப்பதில்லை. கூட்டுக்காகவும் பட்டனுக்காகவும் வேண்டுமானால் பழையதை வாங்கலாம்.

சாவிக்காரர்கள் இப்போது கே.டி., எக்ஸ்ஹார்ஸ் போன்ற நிறுவனங்களின் பொது ரிமோட்டுகளையும் வைத்திருக்கிறார்கள். வெற்றுப் பலகையில், கருவி மூலம் தேவையான மாடலின் ரிமோட்டை உருவாக்கிவிடலாம். அசல் சாவியின் தரமும் தூரமும் எல்லாவற்றிலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவது சாவியாகப் பெட்டியில் இருக்கப் போவதற்கு இவை போதுமானவை.

ப்ரோகிராம் செய்யும் நாள்

கையில் இருக்கும் எல்லாச் சாவிகளையும் எடுத்துச் செல்லுங்கள். பல கார்களில் புதிய சாவியைச் சேர்க்கும்போது பழைய பட்டியல் முழுவதும் அழிந்து, அப்போது காட்டப்படும் சாவிகள் மட்டுமே மீண்டும் பதிவாகும். வீட்டில் மறந்து வைத்த சாவி அன்றோடு செயலிழந்துவிடும்.

காரின் பேட்டரி நல்ல நிலையில் இருக்க வேண்டும். இக்னிஷனை ஆன் செய்து வைத்தபடியே வேலை நடக்கும் என்பதால், சோர்ந்த பேட்டரி நடுவில் விழுந்துவிட்டால் பதிவு பாதியில் அறுந்து, கணினி குழம்பிப்போக வாய்ப்புண்டு. ஏ.சி., மின்விசிறி, ஹெட்லைட், மியூசிக் சிஸ்டம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பேட்டரி பழையது என்றால், சார்ஜரை இணைத்துக்கொண்டு தொடங்கும்படி சொல்லுங்கள்.

பிளேடை முதலில் வெட்டிக்கொள்ள வேண்டும். அது கதவிலும் இக்னிஷனிலும் சிக்காமல் திரும்புகிறதா என்று பார்த்த பிறகே கருவியை இணைக்க வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலாக, காரின் கணினியோடு கருவியை இணைப்பதற்கான, 16 முனைகள் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் கருவியைச் செருகி, மாடலைத் தேர்ந்தெடுத்து, இம்மொபிலைசர் பகுதிக்குள் சென்றதும், தற்போது எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று பல கார்களில் திரையிலேயே தெரியும். அந்த எண்ணை நீங்களும் பாருங்கள். என் காரில் அது 3 என்று காட்டியது. தொழிற்சாலையிலிருந்து 2 சாவிகளோடு வந்த கார். என் கையில் இருந்தது 1. மூன்றாவது சாவியை யார், எப்போது செய்தார்கள் என்பது விற்றவருக்கே தெரியவில்லை. பழைய சாவிகளை நீக்குவது பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அந்தத் திரையில் கண்ட ஓர் எண்தான் காரணம்.

அடுத்து, பாதுகாப்புப் பின் எண் கேட்கப்படலாம். பல ஹூண்டாய் கார்களில் இது 6 இலக்க எண். சேசிஸ் எண்ணைக் கொண்டு பெறப்படுவது. மூன்று முறை தவறாக இட்டால் கார் ஒரு மணி நேரத்துக்குப் புதிய முயற்சியை ஏற்காது. எனவே யாராவது ஊகத்தில் எண்களை இட்டுப் பார்த்தால் அப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். எண் ஏற்கப்பட்டதும் முதல் சாவியைச் செருகி ஆன் செய்து, திரை கேட்கும்போது அதை எடுத்துவிட்டு அடுத்ததைச் செருகுவார்கள். ஸ்மார்ட் சாவி என்றால், செருகுவதற்குப் பதிலாக ஸ்டார்ட் பட்டன் மீது சாவியின் முனையை வைத்து அழுத்துவார்கள். சில ஃபோர்டு மாடல்களில், ஏற்கெனவே பதிவான சாவிகள் இரண்டு கையில் இருந்தால், கருவியே இல்லாமல் அவற்றை அடுத்தடுத்துத் திருப்பி மூன்றாவதைச் சேர்க்கும் வசதி உண்டு. அதன் முறை காரின் கையேட்டிலேயே இருக்கும்.

சிப் பதிவு முடிந்தால் வேலை முடிந்துவிட்டது என்று எழுந்துவிடக் கூடாது. பல கார்களில் ரிமோட் பதிவு தனி மெனுவில் இருக்கிறது. நீக்குவதும் அப்படியே: சிப்பை நீக்கிவிட்டு ரிமோட்டை விட்டுவிட்டால், காணாமல்போன சாவியால் காரை ஓட்ட முடியாது, ஆனால் கதவைத் திறந்து உள்ளே இருப்பதை எடுத்துச் செல்ல முடியும்.

குளோன் சாவியும் தனிச் சாவியும்

சில சாவிக்காரர்கள் காரைத் தொடாமலேயே, நம் சாவியில் உள்ள சிப்பைப் படித்து அதே அடையாளத்தை இன்னொரு சிப்பில் எழுதிக் கொடுப்பார்கள். இதுதான் குளோன். மலிவு, விரைவு, எஞ்சினும் ஸ்டார்ட் ஆகும். ஆனால் காரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே சாவி. நாளை அவற்றுள் ஒன்று தொலைந்தால், அதை மட்டும் நீக்க வழியில்லை. நீக்கினால் இரண்டும் போகும், விட்டுவைத்தால் இரண்டும் ஓடும். மேலும், காரோடு கருவியை இணைக்காததால் தெரியாத பழைய சாவிகளும் அப்படியே பதிவில் இருக்கும். அவசரத்துக்கு குளோன் செய்துகொள்வதில் தவறில்லை. ஆனால் பழைய காரின் நிரந்தரமான இரண்டாவது சாவியாக அதை நான் ஏற்க மாட்டேன். "காரில் பதிவு செய்து கொடுக்கிறீர்களா, குளோனா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சிப்பையும் ரிமோட்டையும் நீக்கிய பிறகும், தொலைந்த சாவியின் பிளேடு கதவின் பூட்டைத் திருப்பும் என்பதை நினைவில் வையுங்கள். சாவியோடு வீட்டு முகவரி உள்ள ஆவணமும் சேர்ந்து தொலைந்திருந்தால், செலவானாலும் காரின் பூட்டுகள் அடங்கிய லாக் செட்டையே மாற்றிவிடுவது நல்லது.

கடையை விட்டுக் கிளம்பும் முன்

புதிய சாவியால் கதவைப் பூட்டித் திறந்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடமாவது ஓடவிடுங்கள். இந்தச் சோதனையின்போது பழைய சாவி காருக்குள் இருக்கக் கூடாது. இரண்டும் அருகருகே இருந்தால், பழைய சாவியின் சிப்பைப் படித்துவிட்டுப் புதியது வேலை செய்வதாக நாம் நம்பிவிடுவோம். பழையதைக் கடைக்காரரிடம் கொடுத்து இருபது அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பிறகு பிளேடால் கையாலேயே கதவைத் திறந்து பாருங்கள். ஸ்மார்ட் சாவி என்றால், அதன் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பட்டன் அருகே பிடித்து ஸ்டார்ட் ஆகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கடைசியாக, பதிவான சாவிகளின் எண்ணிக்கையை மீண்டும் திரையில் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என் காரில் அது 2 என்று மாறியிருந்தது.

ஒரு சாவிகூட இல்லாதபோது

ஒரு சாவியாவது இருக்கும்போது இரண்டாவதைச் செய்வதற்கும், எதுவுமே இல்லாதபோது செய்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பூட்டைப் படித்து பிளேடு வெட்ட வேண்டும், பின் எண் வேண்டும், சில மாடல்களில் கணினிப் பெட்டியைக் கழற்றி நினைவகத்தை நேரடியாகப் படிக்க வேண்டும். செலவும் ஆபத்தும் பல மடங்கு. கையில் ஒரு சாவி இருக்கும்போதே இரண்டாவதைச் செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

காப்பீடும் பாதுகாப்பும்

கார் திருடுபோய் இழப்பீடு கேட்கும்போது, காப்பீட்டு நிறுவனம் காரின் எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்லும். ஒரு சாவி குறைந்தால், காரிலேயே சாவியை விட்டுவிட்டீர்களா என்ற கேள்வி எழும். அதனால் மாற்றுச் சாவியின் பில், சி.எஸ்.ஆர். ரசீது, பழைய சாவிகள் நீக்கப்பட்டதாகக் கடைக்காரர் பில்லிலேயே எழுதிக் கொடுத்த வரி ஆகியவற்றை பாலிசியோடு சேர்த்து வையுங்கள். சாவி தொலைந்தால் ஈடு செய்யும் துணைக் காப்பீடு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று, சொந்தப் பணத்தைக் கொடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

எண் பொறித்த தகட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தகட்டை வீட்டில் வையுங்கள். காரின் டேஷ்போர்டு அறையில் வைக்கக் கூடாது. ஸ்பேர் சாவியை மாதம் ஒரு முறை வெளியே எடுத்து, அன்றைய பயணம் முழுவதையும் அதிலேயே முடியுங்கள். ரிமோட்டின் தூரம் குறைந்துகொண்டே வருவது தெரிந்தால், அந்த வாரமே பேட்டரியை மாற்றிவிடுங்கள்.